தோத்ததுக்கு ஏன் யாருமே திட்டலை?

தலைப்பைப் பார்த்ததும் அருவாளைத் தூக்காதீங்க மக்களே. முழுசா படிச்சுட்டு அப்புறமா தூக்குங்க. :-)

கோடை லீவுக்கு அக்கா பையன் காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தான். பத்து வயசு. ஷட்டில் கிறுக்கு. தூங்கும்போது கூட பேட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குற ரகம். ஒரு நாள் சாயந்திரம் திடீர்னு கேட்டான்.

"மாமா, உங்க ஊர் அக்கா ஒருத்தங்க பாரிஸ்ல மெடல் வாங்கினாங்களாமே?"

மாமனுக்குப் பெருமை தாங்கலை. "ஆமாடா! துளசிமதி முருகேசன். 2024 பாராலிம்பிக்ல பேட்மின்டன் வெள்ளி. நம்ம காஞ்சிபுரம்!"

"ஃபைனல்ல யாரோட ஆடினாங்க?"

"சைனாக்காரப் பொண்ணு."

"பேரு?"

"..."

"சரி, ஸ்கோர் என்ன? ஏன் தோத்தாங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "அதை விடுடா, அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டு வந்தவங்க தெரியுமா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நான் அதைக் கேக்கலையே மாமா"ன்னுட்டு பேட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்.

பத்து வயசுப் பையன் செவுள்ல விட்ட அறை இன்னும் எரியுது. அந்த எரிச்சல்ல எழுதுறதுதான் இது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. நான் வழக்கம் போல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டிருந்தேன். ராத்திரி குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. துளசிமதி பதக்கத்தோட நிக்கிறாங்க. கீழ கொட்டை எழுத்துல ஒரு வாசகம். அதுல தன்னம்பிக்கைங்கிற சொல்லை ரெண்டா உடைச்சு, "கை"யை மட்டும் தனியா சிவப்பு கலர்ல போட்டிருந்தாங்க. எல்லாரும் வரிசையா கும்புடு போட்டாங்க. நானும் போட்டேன். போட்டதோட நிக்காம இன்னும் மூணு குரூப்புக்கு அனுப்பி வச்சேன். ஊர்ப்பாசம் முடிஞ்சுது. மறுபடி ஆணி.

மேட்ச் பார்க்கலை. அன்னிக்கு அப்படி ஒரு ஃபைனல் இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் ஊர்க்காரப் பொண்ணு உலகத்தின் மிகப்பெரிய மேடையில தங்கத்துக்காக ஆடிட்டிருந்த நேரத்துல, நான் எவனோ ஒரு கிளையன்ட்டோட பட்டன் கலரைப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்.

அக்கா பையன் போனதுக்கப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க வெக்கமா போச்சு. நான் ஃபார்வர்டு பண்ணின கதையில இல்லாத விஷயம் அத்தனையும் அங்க இருந்துச்சு.

ஃபைனல்ல எதிர்ல நின்னவர் பேரு யாங் சியுஷியா. டோக்கியோ பாராலிம்பிக்ல (2020ம்பாங்க, நடந்தது 2021ல) இதே பிரிவுல தங்கம் வாங்கினவர். சரி, சாம்பியன்கிட்ட தோத்தாங்க, அதுல என்னன்னு கேக்கலாம். விஷயமே அங்கதான். பாரிஸுக்குப் பத்து மாசம் முன்னாடி, 2023 அக்டோபர்ல, சீனாவோட ஹாங்சோவுல ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி நடந்துச்சு. அங்கயும் இதே ரெண்டு பேர்தான் ஃபைனல். டோக்கியோ சாம்பியனை, அவங்க சொந்த நாட்டுல, அவங்க ஜனங்க முன்னாடி வச்சு, 21-19, 21-19னு நேர் செட்ல துளசிமதி சாய்ச்சாங்க. தங்கம்!

பாரிஸ்ல ஸ்கோர் 17-21, 10-21.

இப்போ சொல்லுங்க. பத்து மாசத்துல அந்த ரெண்டு பேருக்கு நடுவுல என்ன மாறுச்சு? முதல் கேம்ல 17 வரைக்கும் போனவங்க ரெண்டாவது கேம்ல ஏன் பத்தோட நின்னாங்க? ஒரு டீக்கடை பெஞ்சுல ரெண்டு மணி நேரம் ஓடக்கூடிய விவாதம் இது. எங்கயாவது ஓடுச்சா? நான் கேள்விப்படலை. நீங்க?

செமி ஃபைனல் கதை இதைவிட மோசம். செப்டம்பர் 1, ஞாயித்துக்கிழமை. அதாவது "வேலை இருந்துச்சு"ன்னு சாக்கு கூட சொல்ல முடியாது. பாராலிம்பிக் செமி ஃபைனல்ல துளசிமதியை எதிர்த்து ஆடினது யாரு? திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். 2022ல இதே பிரிவுல உலக சாம்பியன் ஆனவர். பாரிஸ் நகரத்துல, காஞ்சிபுரமும் திருவள்ளூரும், பக்கத்துப் பக்கத்து மாவட்டம், ஃபைனலுக்குப் போறதுக்காக மோதுது! 23-21, 21-17. முதல் கேம் இருபதுக்கு மேல இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. ஐபிஎல்ல சென்னைக்கும் பெங்களூருக்கும் மேட்ச்னா மூணு நாள் சோறு தண்ணி இல்லாம மீம்ஸ் போடுறோம். இந்த மேட்சுக்கு நம்ம ரெண்டு ஊர்லயும் எத்தனை வீட்டுல டிவி ஓடியிருக்கும்?

தோத்த மனிஷா டென்மார்க்கின் கேத்ரின் ரோசென்கிரனை ஜெயிச்சு வெண்கலம் எடுத்தாங்க. ஒசூர் நித்ய ஸ்ரீ சிவன் வேறொரு பிரிவுல வெண்கலம். ஆக, பாரிஸ் பாராலிம்பிக்ல இந்தியப் பெண்கள் பேட்மின்டன்ல எடுத்த மூணு பதக்கமும் தமிழ்நாட்டுக்கு. மூணும்! அந்தப் போட்டிகள்ல இந்தியா எடுத்த மொத்தப் பதக்கம் 29, அதுல தங்கம் மட்டும் 7. அதுக்கு மூணு வாரம் முன்னாடி முடிஞ்ச ஒலிம்பிக்ல எடுத்தது 6. தங்கம் சுழி. ஆறுக்கு நாம போட்ட சத்தமும் இருபத்தொன்பதுக்குப் போட்ட சத்தமும் எப்படி இருந்துச்சுன்னு உங்க மனசாட்சிக்கே தெரியும்.

இந்த இடத்துல அரசாங்கத்தை ஒரு பிடி பிடிப்பேன்னு எதிர்பார்த்து வந்தவங்க ஏமாறுவீங்க. 2024 செப்டம்பர்லயே தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி கொடுத்துச்சு. மனிஷா, நித்ய ஸ்ரீ, மாரியப்பன் மூணு பேருக்கும் தலா 1 கோடி. 2025 ஜனவரியில மூணு பெண்களுக்கும் அர்ஜுனா விருது. செக் வந்துடுச்சு, விருது வந்துடுச்சு. வராதது நாமதான். பாராட்ட ஆள் இருக்கு, பார்க்க ஆள் இல்லை. என் சண்டை அதோடதான்.

நம்ம ஆளுங்க எழுதுற "சாதனைப் பெண்" கட்டுரையை ஒரு தடவை உத்துப் பாருங்க. முதல் பத்தியில உடம்புல என்ன குறை. ரெண்டாவது பத்தியில வீட்டுல என்ன வறுமை. மூணாவதுல பதக்கம். கடைசியில "இவரைப் பார்த்து நாமும்..."னு ஒரு உபதேசம். ஸ்கோர் எங்கயும் இருக்காது. எதிராளி பேரு இருக்காது. ஆட்டம்னு ஒண்ணு நடந்த தடயமே இருக்காது. நானும் இப்படி ரெண்டு எழுதியிருக்கேன், தேடிப் போயிடாதீங்க.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவையே எடுத்துக்குங்க. சின்ன வயசுல அவர் கால்ல பஸ் ஏறின கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். 2016 ரியோவுல அவர் எவ்வளவு உயரம் தாண்டினார்னு கேட்டா? 1.89 மீட்டர். ஏறக்குறைய ஆறடி ரெண்டு அங்குலம். நீங்க அஞ்சடி எட்டு அங்குல ஆள்னா, உங்களை நிக்க வச்சு உங்க தலைக்கு மேல இன்னொரு அரையடி விட்டுத் தாண்டணும். டோக்கியோவுல 1.86, வெள்ளி. பாரிஸ்ல 1.85, வெண்கலம். வரிசையா மூணு பாராலிம்பிக்ல பதக்கம், எட்டு வருஷத்துல உயரம் குறைஞ்சது நாலே சென்டிமீட்டர். ஒரு தடகள வீரனோட வாழ்க்கையை இந்த எண்கள் சொல்லுது. நமக்கு பஸ் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

இது இன்னிக்கு நேத்து வியாதி இல்லை. 1972ல ஜெர்மனியின் ஹைடல்பெர்க்ல முரளிகாந்த் பேட்கர்னு ஒருத்தர் 50 மீட்டர் நீச்சல்ல தங்கம் வாங்கினார். 1965 போர்ல குண்டடி பட்ட ராணுவ வீரர். பாராலிம்பிக்ல இந்தியாவுக்கு முதல் தங்கம். 2008ல அபினவ் பிந்த்ரா ஜெயிச்சப்போ "முதல் தனிநபர் தங்கம்"னு நாடே குதிச்சுது. ஒலிம்பிக் கணக்குல அது சரிதான். ஆனா அதுக்கு 36 வருஷம் முன்னாடியே ஒருத்தர் தங்கத்தோட வந்து இறங்கினார்னு அன்னிக்கு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருந்துச்சு? பேட்கருக்கு பத்மஸ்ரீ வந்தது 2018ல. அவரைப் பத்தி இந்திப் படம் வந்தது 2024ல. படம் வந்தாதான் நமக்கு ஆளே கண்ணுக்குத் தெரியும்.

"சரிப்பா, எப்படித்தான் கொண்டாடணும்கிற?"ன்னு கேப்பீங்க. அதுக்குக் கரீபியன் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

ஜமைக்கான்னதும் எல்லாரும் போல்ட்டுனு ஓடுவீங்க. அவருக்கு முன்னாடி போன ஆள் ஒருத்தர், ஹெர்ப் மெக்கென்லி. 1948 லண்டன் 400 மீட்டர்ல வெள்ளி. 1952 ஹெல்சிங்கி 100 மீட்டர்ல, ஜெயிச்சவருக்கும் இவருக்கும் ஒரே நேரம், 10.4 விநாடி. போட்டோவைப் பார்த்து இவருக்கு வெள்ளின்னாங்க. அதே ஹெல்சிங்கியில 400லயும் வெள்ளி. கடைசியில 4x400 தொடர் ஓட்டத்துலதான் தங்கம் வந்துச்சு. தனியா ஓடினதுல மூணு தடவை ஃபைனல்ல ரெண்டாவதா வந்த மனுஷன். கிங்ஸ்டன் தேசிய ஸ்டேடியத்துல அவருக்குச் சிலை இருக்கு. அங்க அவங்க பள்ளிக்கூடப் பசங்களுக்கு "சாம்ப்ஸ்"னு ஒரு தடகளப் போட்டி 1910ல இருந்து நடக்குது. பசங்க ஓடுறதைப் பார்க்க ஸ்டேடியம் நிரம்பி வழியும். போல்ட் மாதிரி ஆளுங்க அந்தக் கூட்டத்து முன்னாடி ஓடி வளர்ந்தவங்கதான்.

செயின்ட் லூசியான்னு ஒரு தீவு. மொத்த ஜனத்தொகையே சுமார் 1.8 லட்சம். 2011 கணக்குப்படி நம்ம காஞ்சிபுரம் நகராட்சியில 1.64 லட்சம் பேர். கிட்டத்தட்ட நம்ம ஊர் சைஸ்ல ஒரு நாடு! 2024 பாரிஸ்ல ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டரை 10.72 விநாடியில ஓடி அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமா கொண்டு வந்தாங்க. அவங்க சின்ன வயசுலயே அப்பாவை இழந்தவங்க. அந்தக் கதையையும் எல்லாரும் சொன்னாங்க. ஆனா கூடவே அந்த 10.72வையும் சொன்னாங்க. என் நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன், ஜூலியன் ஆல்ஃபிரட்டோட நேரம் எனக்கு மனப்பாடமா தெரியும். துளசிமதியோட ஸ்கோர் தெரியாது. ஆறு கடல் தாண்டி இருக்கிறவங்க எனக்கு ஓட்டப்பந்தய வீராங்கனை. எங்க ஊர்ல இருக்கிறவங்க எனக்கு ஒரு நீதிக்கதை.

"ஆயிரம் சொன்னாலும் அது வேற லெவல் பேட்மின்டன்தானே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். பாஸ், துளசிமதி ஆடுற பிரிவு எஸ்யூ5. கையில பாதிப்பு உள்ளவங்க நின்னு ஆடுறது. கோர்ட்டைப் பாதியா குறைக்கிறது எல்லாம் கிடையாது, முழு கோர்ட். அடுத்த தடவை ஷட்டில் ஆடும்போது இடது கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு ஒரே ஒரு ஸ்மாஷ் அடிச்சுப் பாருங்க. அந்தக் கை சும்மா தொங்கிட்டு இருக்கிறதில்லைன்னு அப்போ புரியும். மேல வர்ற ஷட்டிலைக் குறி பார்க்கிறது அது. தோளைத் திருப்பிப் பலம் கொடுக்கிறது அது. குதிச்சு இறங்கும்போது உடம்பைச் சாயாம பிடிக்கிறது அது. சர்வீஸ் போடும்போது ஷட்டிலைப் பிடிக்கிறதும் அதுதான். அந்தக் கையில பாதிப்போட ஆடுறவங்க இது எல்லாத்துக்கும் வேற வழி கண்டுபிடிச்சிருக்காங்க. எங்க கண்டுபிடிச்சாங்க, எப்படிக் கண்டுபிடிச்சாங்க, முதல் பயிற்சியாளரா நின்ன அப்பா என்ன சொல்லிக் கொடுத்தார்? எழுதினா ஒரு தொடரே எழுதலாம். நாம எழுதினது ஒரு சிலேடை.

எங்க வீடு பிள்ளையார்பாளையத்துல. அப்பா முப்பது வருஷம் தறியில உட்கார்ந்தவர். சின்ன வயசுல நான் கவனிச்ச ஒரு விஷயம். சேலை பார்க்க வர்றவங்கள்ல ரெண்டு ரகம். ஒரு ரகம், "ஐயோ, இவ்ளோ கஷ்டப்பட்டு நெய்யறீங்களா, பாவம்"னு உச்சுக் கொட்டிட்டு, அடுத்த நிமிஷமே ஐநூறு குறைச்சுக்கச் சொல்லும். இன்னொரு ரகம் ஒண்ணும் பேசாது. சேலையைத் திருப்பி பின்பக்கம் பார்க்கும். உடலும் கரையும் சேர்ற கோர்வையை விரலால தடவும். "இந்த இடத்துல நூல் கொஞ்சம் நெருடுதே"ன்னு சொல்லும். எனக்கு அவங்க மேல கோவம் வரும். அப்பாவுக்கு அவங்களைத்தான் பிடிக்கும். "டேய், பாவம்னு சொல்றவங்களுக்கு என்னைத்தான் தெரியுது. குறை சொல்றவங்களுக்குத்தான் சேலை தெரியுது"ம்பார்.

2016 ரியோவுல சிந்து வெள்ளி வாங்கினப்போ நாம என்ன பண்ணினோம்? முதல் கேமை 21-19னு எடுத்தவங்க அடுத்த ரெண்டையும் கரோலினா மரினுக்கு ஏன் விட்டாங்கன்னு பேசித் தீர்த்தோம். 2019 உலகக் கோப்பை செமியில தோனி ஏன் டைவ் அடிக்கலைன்னு இன்னும் அடிச்சுக்கிறோம். அந்தத் திட்டு, அந்தப் புலம்பல், அந்த "நான் மட்டும் கோச்சா இருந்தா" பேச்சு, இதெல்லாம் மரியாதை. உன்னால ஜெயிச்சிருக்க முடியும்னு நம்புறவன்தான் நீ தோத்தா கொதிப்பான். துளசிமதி தோத்தப்போ ஒருத்தருக்கும் கொதிக்கலை. "அவங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு"ன்னு ஆறுதல் சொல்லிட்டோம். யாரைப் பார்த்து? டோக்கியோ சாம்பியனை அவங்க ஊர்லயே வச்சு வீழ்த்தின ஒரு ஆளைப் பார்த்து! அந்த ஆறுதலைப் போல ஒரு அவமானம் உண்டா?

"டிவியில போட்டாதானே பார்க்க முடியும்"னு சொல்லிடாதீங்க. 2024ல போன்லயே வந்துச்சு. எங்க ஊர்க்காரங்களுக்குப் பொறுமை இல்லைன்னும் சொல்ல முடியாது. 2019ல அத்திவரதர் எழுந்தருளினப்போ 48 நாள்ல ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்து போன ஊர் இது. நானே ஆறு மணி நேரம் வரிசையில நின்னிருக்கேன், வெயில்ல. நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவருக்காக அவ்ளோ நேரம் நின்ன எனக்கு, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற போட்டியில ஆடின ஊர்க்காரப் பொண்ணுக்காக ஒரு முக்கால் மணி நேரம் உட்கார முடியலை.

உட்காரலாமே இப்போ. அதைத்தான் அன்னிக்கு ராத்திரி செஞ்சேன். அக்கா பையனைக் கூப்பிட்டு பக்கத்துல உட்கார வச்சு, பாரிஸ் ஃபைனலைத் தேடி எடுத்து ரெண்டு பேரும் பார்த்தோம். ஏன் தோத்தாங்கங்கறதுக்கு அவன் ஒரு காரணம் சொல்றான். நான் ஒரு காரணம் சொல்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது மாமா"ங்கறான். "போடா, நீ நேத்து பேட் பிடிச்சவன்"ங்கறேன். "சோறு ஆறுது, ரெண்டு பேரும் எந்திரிச்சு வாங்கடா"ன்னு அக்கா கத்தற வரைக்கும் சண்டை ஓயலை.

என் காரணம் என்னன்னு இங்க எழுத மாட்டேன். நீங்க போய் அந்த மேட்சைப் பார்த்துட்டு வாங்க. 2028ல லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக் வருது, அதுக்குள்ள எஸ்யூ5ல யார் யாரு, யாருக்கு என்ன ஷாட் வரும்னு நாலு பேராவது பேசிக்கிற நிலைமை இருக்கணும். பார்த்துட்டு வந்து, நம்ம ஊர் பொண்ணு எங்க கோட்டை விட்டாங்கன்னு என்கிட்ட சண்டை போடுங்க. சட்டையைப் பிடிச்சு சண்டை போடுங்க. சந்தோஷமா வாங்கிக்கிறேன்.

டிஸ்கி: "தன்னம்பிக்கை"யை உடைச்சு "கை"யைத் தனியா காட்டுற சிலேடையோட யாராவது வந்தீங்கன்னா, தறிக்குழியில தள்ளி மூடிடுவேன். இது மிரட்டல் இல்லை, அன்பான வேண்டுகோள். :-)